நீயா வந்தியா?

அக்காவின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைகிற யாராக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு போய் வாசலில் நிற்பேன். அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"யாரு, தம்பியா? நீயா வந்தியா, ஒங்கம்மா அனுப்பி வந்தியா?"

"அம்மாதாங்க்கா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அப்ப ஒங்கம்மாவுக்கு ரொம்ப சந்தோசம்னு சொல்லு. தட்ட அங்கிட்டு வச்சுட்டுப் போ. நீயா ஒரு நாளைக்கி வா. அன்னைக்கி ஒக்கார வச்சுத் தேத்தண்ணி ஊத்தித் தாறேன்."

இப்படி ஒரு பொம்பளை உண்டா, சொல்லுங்கள்! முறுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவனை நிற்கவைத்துத் திருப்பி அனுப்புகிற மனுசி. ஆனால் கோபம் வராது. மறுநாள் ஃபெக்டரி வேலை முடிந்ததும், தலையில் தேயிலைத் தூசியோடு, கால் தானாக அந்த வாசலுக்குப் போய் நிற்கும். "நானாத்தான் வந்தேன்" என்று நான் சொல்லும்போது அக்கா முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து, பெரிய துரையே வந்துவிட்ட மாதிரி உட்காரவைப்பார்.

தோட்டம் முழுக்க அவரை "நீயா வந்தியா அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரியும் என்று கேலி செய்வோம்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில், மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற தோட்டம் எங்களுடையது. மேலே தேயிலை, நடுவில் வரிசை வீடுகளான லயங்கள், கீழே ஃபெக்டரி, அதற்கும் கீழே ஆறு. லயத்தில் எங்கள் காம்பராவுக்கும் அக்காவின் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் வெங்காயம் வதக்கினால் இந்தப் பக்கம் பசிக்கும். அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் பதில் சொல்லலாம். ஆகவே நான் இங்கே எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி கூரை வழியாக வந்தது.

அக்காவின் புருசன் எனக்கு மச்சான் முறை. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: "சரிங்க." கங்காணி கூப்பிட்டால் சரிங்க. கணக்கப்பிள்ளை திட்டினால் சரிங்க. மழையில் போய் நில்லு என்றால் சரிங்க. கல்யாணமே அப்படித்தான் நடந்ததாம். பெரிய கங்காணி காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "மேட்டு லயத்துல ஒரு புள்ள இருக்கு, வர்ற மாசம் ஒனக்குக் கட்டி வைக்கிறேன்" என்றாராம். இவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே "சரிங்க" என்றாராம். அந்தக் காலத்துப் பெரிய கங்காணி என்றால் சும்மாவா? வேலையும் அவர் சொன்னபடி, சடங்கும் அவர் சொன்னபடி. அவருடைய பெரட்டில் இருக்கிற ஆட்கள் அவர் கைவிரல்கள் மாதிரி. அவர் மடக்கினால் மடங்க வேண்டும்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்துத்தான் அக்கா கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார். ஆற்றுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருந்தது. துணி துவைக்கப் போனவர், உள்ளே பாட்டுக் கேட்டு, வாளியை வெளியே வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாராம். அடுத்த வாரமும் உட்கார்ந்தாராம். மூன்றாம் வாரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன யாருமே கூப்புடல தம்பி," என்று அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண்கள் பெரிதாகும். "பொறந்ததுலருந்து எல்லா எடத்துக்கும் என்ன யாராச்சும் அனுப்பியிருக்காங்க, இல்லாட்டி இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நானா நடந்து போன ஒரே எடம் அதுதான். உள்ள போனா, அங்க என்னய எதிர்பாத்துக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு!"

அக்காவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் வேதத்தைத் தோட்டத்துக் கண்ணால் பார்த்துச் சொல்வார் பாருங்கள், கொழுந்து பறிக்கிற கைகள் அப்படியே நின்றுவிடும். ஏதேன் தோட்டத்துக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

"அந்த மரத்தச் சுத்தி ஆண்டவரு ஒரு வேலி போட்டாரா? போடல. ஒரு வாச்சர் வச்சாரா? வைக்கல. நம்ம கணக்கப்பிள்ள கையில அந்தத் தோட்டத்தக் குடுத்திருந்தா, முள்ளுக்கம்பி அடிச்சு, வாச்சர் வச்சு, நாயும் வளத்திருப்பாரு. ஏவா பழத்தத் தின்னுருக்க மாட்டா, நமக்கும் பாவம் வந்திருக்காது. ஆனா வேலிக்குள்ள நிக்கிறது புள்ள இல்லடி, மாடு. ஆண்டவருக்குப் புள்ள வேணும்!"

கணக்கப்பிள்ளை அந்த நேரத்தில் பின்னாலேயே நிற்பார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, "நீங்களும் கேளுங்க ஐயா, ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்பார்.

மறுபடி பிறப்பதைப் பற்றி அவர் சொன்ன ஒன்று இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அது தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்துச் சில வருடங்கள் ஆன காலம். ஓட்டு இருந்தது, போயிற்று. கொடுத்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, பிடுங்கியபோதும் கேட்கவில்லை. லயத்து முற்றத்தில் இளவட்டங்கள் கூடி அதைப் பற்றித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினார்.

"மொதப் பொறப்பு அப்பிடித்தான்டா. இந்த லயத்துல பொறக்கிறியான்னு ஒன்ன யாராச்சும் கேட்டாங்களா? இந்தக் கலரு, இந்தச் சாதி, இந்தக் குளிரு, எதையாச்சும் கேட்டுக் குடுத்தாங்களா? ரெண்டாவது பொறப்புத்தான் கேட்டுக் குடுக்கிறது. வேணுமா வேணாமான்னு ஆண்டவரு நின்னு கேக்குறாரு. நம்மள ஒரு வார்த்த கேக்குறதுக்கு இந்த ஒலகத்துல அவரு ஒருத்தருதான் இருக்காரு!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அப்போது எந்தச் சாமியையும் பெரிதாக நினைக்காத பயல். ஆனாலும் சிலிர்த்தது.

இவ்வளவு பேசுகிற அக்காவுக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. மச்சான் இன்னும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மச்சான் வருகிறேன் என்றுதான் சொன்னார். அக்கா ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே, "நானும் வந்துர்றேன் புள்ள, சரிதானே" என்றாராம்.

"எதுக்கு வர்றீங்க?"

"நீ போறியே."

"நான் போறதுக்காக வராதீங்க."

"சரி."

"அந்தச் சரியத்தான் வேணாங்கிறேன்!"

விடியற்காலையில், பெரட்டுக்குத் தப்படிக்கிறதற்கு முன்னால், சுவருக்கு மேலே அக்காவின் ஜெபம் வரும். புருசனைக் குடியிலிருந்து மீட்கச் சொல்லி ஜெபிக்கிற பெண்களைக் கேட்டிருக்கிறேன். அக்காவின் ஜெபம் வேறு மாதிரி. "ஆண்டவரே, இவர இழுத்துக்கிட்டு மட்டும் வந்துராதீங்க. எனக்காக வரவும் விட்டுராதீங்க. அவரே வரணும். ஆனா சீக்கிரமா வரணும், சொல்லிட்டேன்." இந்தப் பக்கம் என் அம்மா போர்வைக்குள் சிரிப்பார். "சாமிக்கே ஓடர் போடுறாடா இவ!"

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பெரிய கங்காணியின் சம்சாரத்துக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சில்லாமல் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு வேதக்காரம்மா ஜெபிக்க, கங்காணியும் கூடவே முழங்காலில் நின்றார். சம்சாரம் கண் திறந்தார், கஞ்சி கேட்டார், நடந்தே வீட்டுக்கு வந்தார். கங்காணி பூரித்துப் போனார். பூரிப்பில் என்ன செய்வார்? நம் ஆட்கள் கிடாய் நேர்ந்துவிடுவார்கள், சேவல் நேர்ந்துவிடுவார்கள். கங்காணி தம்முடைய பெரட்டையே நேர்ந்துவிட்டார்! "ஆண்டவரே, நானும் என் ஆளுங்க அம்புட்டுப் பேரும் ஒங்களுக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் பெரட்டுக் களத்தில் அறிவித்தார். "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் குளிச்சு, வெள்ள கட்டி, ஆத்தோரம் வந்துரணும். ஒருத்தரும் லயத்துல நிக்கப்படாது."

எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள்? செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகச் சொன்னால் போகிறவர்கள்தானே! ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் வெள்ளைவெளேர் என்று நிறைந்துவிட்டது. நானும் அம்மாவும்கூட வரிசையில் நின்றோம். கங்காணி பெரட்டுக்கு நிறுத்துகிற ஒழுங்கிலேயே நிறுத்தினார்: ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே, வெற்றிலை போட்டவர்கள் துப்பிவிட்டு வரவும். ஹட்டனிலிருந்து போதகர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், நல்ல மனுசன். இத்தனை ஆத்துமாக்களை ஒரே நாளில் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு நடுங்கினார். அந்த ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே, மார்கழியில் அதில் கால் வைத்தால் வலி முதலில் பல்லுக்குத்தான் போகும்.

கங்காணிதான் முதலில் இறங்கினார். அவர் மனதார இறங்கினார், அதில் சந்தேகமில்லை. மேலே வந்து, மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கரையில் நின்று பெயர் கூப்பிடத் தொடங்கினார். முதல் பெயர், அவருக்குப் பிடித்த ஆள் என்பதால், மச்சானுடையது.

"வந்தேங்க!" என்றார் மச்சான், பெரட்டில் சொல்கிற அதே குரலில்.

அக்கா பெண்கள் பக்கம் நின்றிருந்தார். கைகள் இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை விடியற்காலைகள் கேட்ட ஜெபம் அது! வாய்மூடி நின்றால் போதும், கையில் வந்து விழப்போகிறது.

போதகர் மச்சானின் தோளில் கை வைத்து, "நீர் உம்முடைய மனச் சம்மதத்தோடதான் இதுக்கு வாறீரோ?" என்று கேட்டார்.

மச்சான் தலையைத் திருப்பிக் கரையில் நின்ற கங்காணியைப் பார்த்தார். கங்காணி தலையசைத்தார். மச்சான் போதகர் பக்கம் திரும்பி, "சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். அக்கா சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்!

"ஐயா, பொறுங்க ஐயா! முக்கிராதீங்க!"

"என்ன பிள்ளை இது? பொறும், பொறும், வழுக்கப் போகுது!" என்று போதகர் பதறினார்.

அக்கா மச்சானுக்கு முன்னால் போய் நின்றார். இடுப்பு வரை தண்ணீர். எங்களையெல்லாம் நீ என்று கேட்கிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார். "ஏங்க. என்னப் பாக்காதீங்க. கங்காணியாரையும் பாக்காதீங்க. நீங்களா வந்தீங்களா?"

மச்சான் தண்ணீரைப் பார்த்தார். அந்த மனுசனுக்கு இப்படி ஒரு கேள்வியை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் யாரும் அவரிடம் கேட்டதில்லையே! அப்புறம் வாயைத் திறந்தார்.

"இல்ல."

கரையெல்லாம் "ஆ" என்றது.

"இல்ல புள்ள. கங்காணியாரு சொன்னாரு, வந்தேன்." இன்னொரு தடவை, இப்போது கொஞ்சம் சத்தமாக, தன் குரல் எப்படி இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்க்கிற மாதிரி, "இல்ல!" என்றார். சொல்லிவிட்டு, இந்தக் கரையில் கங்காணி நிற்பதால் எதிர்க்கரையில் ஏறி, சொட்டச் சொட்ட, பாலம் வரை சுற்றிக்கொண்டு லயத்துக்கு நடந்துவிட்டார்.

கங்காணிக்கு முகம் சிவந்தது. "என்ன காரியம் பண்ணிட்ட! சாமிக்குக் குடுத்த வாக்கு!"

"கங்காணியாரே," என்றார் அக்கா, பல் கிடுகிடுக்க. "இவங்க என்ன கெடாயா, நேந்துவிடுறதுக்கு? தண்ணி தெளிச்சதும் தலைய ஆட்டுறதுக்கு? ஒங்க ஒரு ஆளத்தான் ஆண்டவரு கேட்டாரு. நீங்க வந்துட்டீங்க. அதுவே அவருக்குப் பெரிய சந்தோசம். மத்தவங்கள அவரே கேட்டுக்குவாரு."

போதகர் கரையைப் பார்த்து, "அவ சொல்லுறது சரி. நான்தான் யோசிக்காமல் விட்டிட்டன்" என்றார். "ஒவ்வொருத்தரா வாங்கோ. விருப்பமில்லாதவை வீட்ட போகலாம். ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

ஐயோ, அதன்பிறகு நடந்த கூத்தை எப்படிச் சொல்வேன்! தங்களை ஒரு ஆள் கேட்கிறார் என்றதும் சனம் வரிசையை உடைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டது. பயந்து பயந்து முதலில், அப்புறம் திருவிழா மாதிரி. ஒருத்தர், "எனக்கு வேணுங்க, ரொம்ப நாளா நெனச்சதுதான், கங்காணிக்குப் பயந்து சொல்லல" என்று ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தார். ஒருத்தர், "நாளைக்கிச் சொல்லட்டுங்களா?" என்றார். மேல் லயத்துக் கிழவி ஒருத்தி, "எனக்கு மாரியாத்தா போதும் சாமி. ஆனா ஒங்க பாட்டு நல்லாருக்கு, கேக்க மட்டும் வரட்டா?" என்று கேட்க, போதகர் வாய்விட்டுச் சிரித்து, "வாங்கோ அம்மா, வாங்கோ!" என்றார். என் முறை வந்தபோது, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தைப் பெரிய மனிதர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது! (யோசித்து, அடுத்த வருடம் நானாகத்தான் போனேன். அது வேறு கதை.)

ஆனால் வேதக்காரர்களில் சிலர் அக்காவை விடவில்லை. "கட்டுன புருசன் ரட்சிப்பையே கெடுத்தவ" என்று ஜெபவீட்டு வாசலிலேயே ஒரு அம்மா சொன்னார். "ஒரு ஆத்துமா தண்ணி வரைக்கும் வந்துச்சு. வெரட்டிவிட்டுட்டியேடி!"

"நான் கேக்காம இருந்திருந்தா," என்றார் அக்கா, "அவரு நனஞ்சிருப்பாரு. அம்புட்டுத்தான்."

பதில் சொல்லிவிட்டு வந்தாரே தவிர, அன்று சாயங்காலம் விறகு பிளந்துகொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, அவரு வராமயே போயிட்டா?"

எனக்கு என்ன தெரியும்? "வருவாருக்கா" என்றேன்.

"வருவாருன்னு நீ சொல்லக் கூடாது, நான் சொல்லக் கூடாது. அவருதானே சொல்லணும்." கொஞ்சம் நின்று, "கேக்குறதுல இதுதான்டா கஷ்டம். கதவத் தொறந்து விட்டுட்டா, ஆளு அந்தப் பக்கமும் போகலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இனி மச்சான் கதையைக் கேளுங்கள். ஒரு "இல்ல" அந்த மனுசனை என்ன செய்தது என்கிறீர்கள்! கங்காணி கோபத்தில் அவரைச் செங்குத்தான மலையில் மழைத்தண்ணி ஓடுகிற கான் வெட்டப் போட்டார். மச்சான் விசிலடித்துக்கொண்டு போனார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா எங்கள் காம்பராவுக்குள் புயல் மாதிரி நுழைந்தார். கையில் கரண்டி.

"தம்பி! சின்னம்மா! கேட்டீங்களா? கொழம்புல உப்பு பத்தலையாம்! அவரே சொல்றாரு!"

"அதுக்கு எதுக்குடி இம்புட்டுச் சந்தோசம்?" என்றார் அம்மா.

"கட்டுன நாள்லருந்து நான் எதப் போட்டாலும் தின்ன மனுசன் சின்னம்மா! மண்ணப் போட்டாலும் தின்னுருப்பாரு! இன்னைக்கித்தான் அவரு நாக்கு அவருக்குக் கெடச்சிருக்கு!"

டவுனில் முஸ்லிம் நானாவின் ஜவுளிக் கடைக்குச் சட்டை எடுக்கப் போனோம். நானா வழக்கம்போல் வெள்ளைத் துணியை விரித்து, "ஒங்கட தோட்டத்து ஆக்கள் எல்லாரும் இதத்தான் எடுக்கிற" என்றார். மச்சான் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குப் பச்ச வேணும்" என்றார். கிளிப்பச்சை! நானாவே தயங்கினார். அந்தச் சட்டையோடு அவர் லயத்துக்குள் வந்தபோது நாய்கள் குரைத்தன. அக்கா வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தார். "நல்லாவே இல்ல. ஆனா அவரு எடுத்தது!"

கங்காணியும் மாறிக்கொண்டிருந்தார். ஜெபவீட்டில் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து, அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்ப்பார். தம்முடைய பெரட்டு ஆள் யாராவது தானாக வந்து எட்டிப் பார்த்தால், பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்வார். கூப்பிடவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை பாவம்!

சுவருக்கு மேலே வருகிற பேச்சும் மாறியது. முன்பு அக்கா குரல் மட்டும் வரும். இப்போது மச்சான் கேள்வி கேட்டார்.

"ஏ புள்ள, இல்லன்னு சொன்னவங்கள ஒங்க ஆண்டவரு என்ன பண்ணுவாரு?"

"திரும்பக் கேப்பாரு."

"அப்பவும் இல்லன்னா?"

"திரும்பக் கேப்பாரு."

"அலுக்காதா?"

"எனக்கே அலுக்கலையே, அவருக்கு அலுக்குமா?"

மச்சான், "இன்னொரு ரொட்டி போடு" என்றார். அதற்கு மேல் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க அக்கா எவ்வளவு பாடுபட்டார் என்பது, ரொட்டி தட்டுகிற சத்தத்திலேயே தெரிந்தது.

ஒரு வேலை நாள். ஆடி மாதத்துச் சாரல். ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசின் பக்கத்தில் நிற்கிறேன். கதவருகே மச்சான் வந்து கைகாட்டினார். அரைக்காற்சட்டை, முழங்கால் வரை செம்மண், தலையில் சாக்கு.

"மாப்ள, ஒரு எட்டு வந்துட்டுப் போ."

"எங்க மச்சான்?"

"ஆத்துக்கு."

"இந்த மழையிலயா? குளிக்கவா?"

"அந்த மாதிரித்தான். சாட்சிக்கு ஒரு ஆளு வேணுமாம். பேசாம வா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் பொறுப்பாளர் டீமேக்கரிடம் சொன்னேனா, மெசினை யாரிடம் விட்டேன், ஒன்றும் ஞாபகமில்லை. ஆற்றோரம் போதகர் குடையைப் பிடித்தபடி, காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். சீக்காளி ஒருவரைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தவரை மச்சான் வழியிலேயே பிடித்திருக்கிறார்.

"நான் சொன்னனான், ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து வைப்பம் எண்டு," என்றார் போதகர் என்னிடம். "கேக்கிறார் இல்லை."

"மச்சான், அக்கா மேல மலையில நிக்குது. ஒரு சத்தம் குடுக்கட்டா?"

"முடிஞ்ச பொறகு குடு."

தண்ணீர் சிவப்பாக ஓடியது. இருவரும் கைகோத்து இறங்கினார்கள். போதகர் அதே கேள்வியைக் கேட்டார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைப் பார்த்துக்கூட அவர் பதில் சொல்லிவிடக் கூடாதே! ஆனால் காதை எப்படித் திருப்புவது?

"எனக்கு வேணுங்க," என்றார் மச்சான். தெளிவாக. ஆசைப்பட்டுக் கேட்கிற குரலில். "எனக்கு அவரு வேணும்."

அவர் தண்ணீருக்குள் போய் மேலே வந்த மறுநொடி நான் கரையில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, மலையைப் பார்த்துக் கத்தினேன். "அக்காவ்! அக்காவ்! மச்சான்! ஆத்துல! முழுகியாச்சு!"

மேலே பச்சைச் சரிவில் பொட்டுப் பொட்டாய்ப் பெண்கள். ஒரு பொட்டு மட்டும் நிமிர்ந்தது. அடுத்த கணம் அது உருண்டு வருகிறது! பாதையில் இல்லை, தேயிலை வரிசைகளின் நடுவே, குறுக்கே, கான்களைத் தாண்டி. முதுகில் கூடை குதித்து, கொழுந்து காற்றில் சிதறுகிறது. "ஏய்! கொழுந்து! கொழுந்து போகுது!" என்று கணக்கப்பிள்ளை அலறுவது ஆறு வரை கேட்டது. மற்றப் பெண்கள் கூச்சலிட்டார்கள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

அக்கா வந்து சேர்ந்தபோது சேலை கிழிந்து, கைகளெல்லாம் கீறல். மூச்சு வாங்க, கரையில் நடுங்கிக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தார். போதகரைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். முகம் ஒரு கணம் குழந்தை மாதிரிக் கோணியது.

"இத்தன வருசமா காத்துக்கிட்டு இருந்தேனே! என்ன ஒரு வார்த்த கூப்புடக் கூடாதா? நான் பாக்கவே இல்லையே!"

மச்சான் முகத்துத் தண்ணீரைக் கையால் வழித்தார்.

"நீ கரையில நின்னுருந்தா, நான் ஒனக்காகத்தான் எறங்குனேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருக்கும், புள்ள."

அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அழுகையும் கலந்து, ஆறே அதிர! கூடையைத் தூக்கி எறிந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, மச்சானை ஈரக் கல்லின் மேல் பிடித்து உட்காரவைத்து, தலையைப் போட்டுத் துவட்டத் தொடங்கினார். தலை, காது, கழுத்து, முதுகு, ஒரு இடம் விடாமல், பரபரவென்று.

"ஆ! வலிக்குதுடி! சாக்குடி அது! மெதுவா!" என்று மச்சான் கத்தினார்.

"கத்துங்க!" என்றார் அக்கா, துவட்டுவதை நிறுத்தாமல். "நல்லா வாயத் தொறந்து கத்துங்க! இப்பத்தானே பொறந்திருக்கீங்க!"